ஒன்பது நன்றிகள் பாக்கி

அத்தியாயம் 14

போன வாரம் தர்மதாஸ் வீட்டில் கேக்குக்குச் சொல்லி வைத்ததோடு நிறுத்தியிருந்தோம். முட்டை கலக்காத கேக். அதன் மேல் பெயர் வேண்டாம், 10,000 என்று எண் மட்டும் எழுதினால் போதும் என்று மகன் கோகுல் பேக்கரிக்காரரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தான்.

பத்தாயிரம் என்றதும் ரூபாய் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றி.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் தர்மதாஸ் முப்பத்தொரு வருடம் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது 'வயல்கூடம்' என்ற செயலியில் விவசாயிகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். பதில் பிடித்தால் 'நன்றி' பொத்தானை அழுத்தலாம். பிடிக்காவிட்டால் 'பயனில்லை'. நன்றி அதிகம் வாங்கிய பதில் பச்சைக் குறியோடு மேலே போய் உட்காரும். ஐந்து 'பயனில்லை' விழுந்த பதிலைச் செயலியே மடித்து மறைத்துவிடும். பத்தாயிரம் நன்றி சேர்ந்தவரின் பெயருக்கு முன்னால் 'ஆசான்' என்று பட்டம் வரும்.

இவ்வளவு எளிமையான ஏற்பாட்டில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்றுதான் அதைச் செய்தவர்களும் நினைத்திருப்பார்கள். பாவம், அவர்களுக்கு நம் குடும்பங்களைப் பற்றித் தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. தர்மதாஸ் கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மோனிஷா, ஒம்போதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தி ஒண்ணு! இன்னும் ஒம்போதே ஒம்போதுதாம்மா."

"சரிங்க மாமா" என்றாள் மருமகள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்த மனைவி மதனவதி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஒம்போது பேர் நன்றி சொல்றதுக்குள்ள அந்த இட்லிய சாப்பிட்டுடுங்க. ஆறிக்கினு இருக்குது."

"இன்னொரு சேதி கேளு." தர்மதாஸ் குரலைத் தாழ்த்தினார். "நேத்தும் ஜினதாஸ் நன்றி போட்டிருக்கான்."

ஜினதாஸ் அவருடைய தம்பி. வந்தவாசிப் பக்கம் இருக்கிறார். கிணற்றுத் தண்ணீரை யார் எந்த நாள் இறைப்பது என்பதில் தொடங்கிய சண்டை, ஆறு வருடமாகப் பேச்சே இல்லை.

"வாயால பேசலன்னா இன்னா, விரலால பேசுறான். ஒரு நாள் தவறல. பத்தாயிரம் வந்ததும் மொத போன் அவனுக்குத்தான்."

மோனிஷா சட்டென்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்? அந்த ஜினதாஸ் அவளுடைய கைபேசிக்குள்தான் இருந்தார்.

ஓய்வு பெற்ற புதிதில் தர்மதாஸைத் தேடி யாரும் வரவில்லை. வாசலில் வண்டி நிறுத்திக் காத்துக் கிடந்த விவசாயிகள் எல்லாம் அடுத்த அலுவலரின் வாசலுக்குப் போய்விட்டார்கள். மனிதர் படுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டிய வீட்டில், அவர் பொழுது சாயட்டும் என்றே காத்திருப்பார். சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடச் சொல்லித் தொந்தரவு செய்ய முடியாதில்லையா.

வயல்கூடத்தில் அவரைச் சேர்த்துவிட்டது கோகுல்தான். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்பவன். அப்பாவின் முதல் பதிலுக்கு இரண்டு நன்றிதான் விழுந்தது. கோகுல் யோசித்தான். மோனிஷாவின் கைபேசியில் ஒன்பது கணக்குகளைத் திறந்தான். பெயருக்கு எங்கே போவது? மேசையில் அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை கிடந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே இருந்த ஒன்பது பெயர்களை அப்படியே தூக்கிப் போட்டான். அதில் சித்தப்பாவின் பெயரும் இருந்தது. அவர் அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை என்பது வேறு விஷயம்.

தம்பி பெயரைப் பார்த்த அன்று தர்மதாஸ் எழுந்து உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கணக்கை அழிக்க யாருக்கு மனசு வரும்?

இரண்டு வருடமாக மோனிஷாவுக்கு அது வீட்டு வேலைகளில் ஒன்று. மாமா பதில் எழுதினால் ஒன்பது முறை நன்றி. அவரை எதிர்த்து யாராவது எழுதினால் ஒன்பது முறை பயனில்லை. ஒன்றையும் படிப்பதில்லை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் முடித்துவிடுவாள்.

இன்று மட்டும் அவள் இன்னும் அழுத்தவில்லை. சாயங்காலம் கேக் வந்த பிறகு எல்லார் முன்னாலும் எண் மாற வேண்டும் என்பது கோகுலின் திட்டம்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஆபீசர் ஐயா இருக்காங்களா?"

முப்பது வயதிருக்கும். கையில் துணிப்பை. பக்கத்து ஊர் பாண்டியனின் மனைவி தேவிப்ரியா.

"பாண்டியன் சம்சாரமா? வாம்மா, உக்காரு." தர்மதாஸுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வீடு தேடி வந்திருக்கிறார்களே! "பயிரு எப்படி இருக்குது?"

தேவிப்ரியா உட்காரவில்லை. பையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் கொட்டினாள். உளுந்துச் செடிகள். தண்டு முறுக்கிக்கொண்டு, இலை சுருண்டு, பழுப்பாகக் காய்ந்து கிடந்தன.

"இப்படி இருக்குதுங்க ஐயா. ரெண்டு ஏக்கரும்."

தர்மதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு செடியைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருட அனுபவம் சும்மா போகுமா? ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கோபம் வந்துவிட்டது.

"இது நெல்லுக்கு அடிக்கிற களைக்கொல்லி. அகல இலை இருக்கிற எல்லாத்தையும் கருக்கிடும். உளுந்துல போயி இத எந்த முட்டாள் அடிக்கச் சொன்னான்?"

"நீங்கதாங்க ஐயா."

மதனவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தேவிப்ரியா தன் கைபேசியை நீட்டினாள். பாண்டியன் இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி. 'நெல் அறுத்த வயலில் உளுந்து விதைத்து இருபது நாள் ஆகிறது. அகல இலைக் களை அதிகம். என்ன தெளிக்கலாம்?' கீழே தர்மதாஸின் பதில். மருந்தின் பெயர், அளவு, தெளிக்கும் நேரம் எல்லாம் சுத்தமாக இருந்தன. நெல்லுக்கு. பச்சைக் குறி. முப்பத்தாறு நன்றி.

அவர் அந்தக் கேள்வியை மூன்று முறை படித்தார். பூச்சியைக் கொல்ல வழி சொல்வதில்லை என்று ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரு விரதம். அதனால் களை பற்றிய கேள்வி வந்தால் விட மாட்டார், முந்திக்கொண்டு எழுதுவார். முதலில் எழுதினால்தான் நன்றி அதிகம் விழும் என்று மகன் வேறு சொல்லிக்கொடுத்திருந்தான்.

"நெல்லுன்னு படிச்சதோட நிறுத்திட்டேம்மா" என்றார். "அடுத்த வார்த்தைய படிக்கல."

"தப்பு யாருக்கும் வர்றதுதான். அதுக்கு நான் வரலீங்க ஐயா." என்றாள் தேவிப்ரியா. "எங்க அம்மா வீட்டுல நெல்லுக்கு இந்த மருந்தடிச்ச காத்துலயே பக்கத்து உளுந்து சுருண்டு போச்சு. நான் பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட வேணாம், வேணாம்னு சொன்னேன். 'ஆபீசருக்கு தெரியாதது உனக்கு தெரிஞ்சிடுமா? அவருக்கு எத்தினி பேர் நன்றி போட்டிருக்காங்க பாரு, உனக்கு யாரு போட்டா?'ன்னாரு."

"அப்புறம்?"

"சரி, அங்கயே எழுதுனா நம்புவாருன்னு நானும் அதுல சேர்ந்து எழுதுனேன். இது நெல்லு மருந்து, அடிச்சா உளுந்தே போயிடும், கையால களை எடுங்கன்னு. பத்து நிமிசம் இல்லீங்க ஐயா, ஒம்போது பேரு பயனில்லன்னு போட்டு மூடிட்டாங்க. அவரு தொறந்து பாக்கசொல்ல என் பதிலே அங்க இல்ல. மறுநாள் அடிச்சிட்டாரு."

மோனிஷாவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. கடையிலிருந்து கோகுல் கூப்பிட்டு, 'அப்பாவ எதிர்த்து எவளோ எழுதியிருக்கா, அமுக்கு' என்றான். அன்று முருங்கைக்காய் சாம்பார். பொத்தானை அழுத்தினதும் ஞாபகம் இருந்தது, என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் இல்லை.

"அந்த ஒம்போது பேரு யாருன்னு எனக்கு தெரியணும் ஐயா. என் பதில படிச்சிட்டுத்தான் போட்டாங்களா? அது ஒண்ண கேக்கணும், அவ்வளவுதான்."

பயனில்லை போட்டவர்களின் பெயரைப் பதில் எழுதியவருக்கு மட்டும் செயலி காட்டும். தேவிப்ரியா ஒவ்வொன்றாகப் படித்தாள். "அனந்தராஜ். பத்மராஜ். சாந்தகுமார்..." கடைசியில், "ஜினதாஸ்."

தர்மதாஸின் முகம் போன போக்கைப் பார்த்து, "தெரிஞ்சவங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"எல்லாம் என் சொந்தம்மா." அவர் தலை குனிந்தது. "எனக்காகப் பரிஞ்சிக்கினு செஞ்சிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள நானே கேட்டு உனக்கு சொல்றேன்."

தேவிப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் இப்பவும் விதை சரியில்லன்னுதான் சொல்லிக்கினு இருக்காரு. உங்க மேல தப்பே வராதாம். நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்களே ஒரு நடை வந்து சொல்லிடுங்க."

அவள் போய்விட்டாள். கருகின செடிகள் கூடத்திலேயே கிடந்தன. மதனவதி துடைப்பத்தை எடுத்தபோது, "இருக்கட்டும்" என்றார் தர்மதாஸ்.

இந்த இடத்தில் மோனிஷா வாயைத் திறந்திருக்கலாம். 'மாமா, போன் பண்ணாதீங்க' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல பெண்தான், ஆனால் இரண்டு வருடம் விரலால் மட்டுமே பேசிப் பழகியவளுக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அதற்குள் அவர் தம்பியின் எண்ணைத் தட்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்.

"யாரு?"

"நான்தான்டா. அண்ணன்."

"சொல்லு" என்றது குரல். கொஞ்சம் இளகித்தான் இருந்தது.

"தினம் நீ போடுற நன்றியெல்லாம் வந்துக்கினுதான் இருக்குதுப்பா. நானே கூப்புடணும்னு இருந்தேன்..."

"இன்னா நன்றி?"

"அதான், வயல்கூடத்துல."

"அது எங்க இருக்குது?"

தர்மதாஸ் சிரித்தார். தம்பி வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார். "சரி, வுடு. ஆனா அந்தப் பொண்ணு பதில நீங்கல்லாம் சேந்து அமுக்கினது தப்புடா. எனக்காகத்தான் செஞ்சீங்க, இல்லேங்கல. ஒரு குடும்பத்தோட பயிரே போயிடுச்சு."

"அண்ணே, எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். பேசலாம், வெக்கலாம், அவ்வளவுதான்." இளகின குரல் இறுகிவிட்டது. "ஆறு வருசம் கழிச்சு கூப்புடறியேன்னு ஒரு நிமிசம் எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. நான் செய்யாத ஒண்ண என் தலையில வெச்சுப் பேசத்தான் கூப்பிட்டியா? கிணத்து விசயத்துலயும் இதேதான செஞ்ச?"

வைத்துவிட்டார்.

தர்மதாஸ் கைபேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மோனிஷா வந்து தன்னுடைய கைபேசியை அவர் எதிரே மேசையில் வைத்தாள். செயலி திறந்திருந்தது. ஒன்பது பெயர்கள் வரிசையாக இருந்தன.

"சின்ன மாமா இதுலதான் இருக்காரு மாமா" என்றாள். "எல்லாரும் இதுலதான் இருக்காங்க. நான்தான் அழுத்துவேன். அந்தப் பொண்ணு பதிலயும் நான்தான் அமுக்கினேன். படிக்கல மாமா. சத்தியமா படிக்கல."

அழுதாள். அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குக் கோகுல் கேக் பெட்டியோடு உள்ளே வந்தான். "இன்னாப்பா, ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், தரையில் கிடந்த செடிகளைத் தாண்டி, மேசையில் இருந்த மனைவியின் கைபேசியைப் பார்த்து நின்றான்.

"உன் போனையும் அதும் பக்கத்துல வெய்" என்றார் தர்மதாஸ்.

வைத்தான்.

"எதுக்குடா செஞ்ச?"

"நீங்க சாப்பிடாம செவுத்த பாத்துக்கினு படுத்துக் கெடந்தீங்கப்பா. டாக்டர் மருந்துல எழுந்தீங்களா? இதுலதான எழுந்தீங்க?" கோகுலுக்கும் கோபம் வந்தது. "இதெல்லாம் எல்லாரும் செய்யறதுதான். எங்க கடை பொடவைங்களுக்கு மொத எரநூறு நட்சத்திரம் நான் போட்டது. அத பாத்துதான் ஜனம் வந்துச்சு."

"பொடவ புடிக்கலன்னா திருப்பி அனுப்பலாம். பாண்டியன் உளுந்த எங்கடா திருப்பி அனுப்புவான்?"

கோகுல் கேக் பெட்டியை ஓரமாக வைத்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. ஒம்போதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தி ஒண்ணுல எத்தினி நெசம்?"

"தெரியலப்பா."

"குத்துமதிப்பா."

"பிரிக்க முடியாதுப்பா. நம்ம ஒம்போது வுழுந்ததும் பச்சைக் குறி வந்துடும். பச்சைக் குறிய பாத்துட்டு மத்தவங்களும் அழுத்துவாங்க. அவங்க நெசமா அழுத்தினாங்களா, குறிய பாத்து அழுத்தினாங்களா, அது யாருக்குத் தெரியும்?"

இதைக் கேட்ட பிறகுதான் கிழவருக்கு உண்மையில் வலித்தது. எல்லாம் பொய் என்றால் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடலாம். அதற்குள் எங்கோ நாலு பேர் மனசார நன்றி சொல்லியும் இருப்பார்கள். அந்த நாலு பேர் யார் என்று இனி அவருக்குத் தெரியவே போவதில்லை.

மதனவதி தட்டு வைத்தாள். சாதம், கீரை, மோர். "பொழுது சாயப்போவுது. சாப்பிட்டுட்டு சண்டை போடுங்க."

தர்மதாஸ் தட்டைத் தொடவில்லை. தன் கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். மெதுவாக எழுதினார். எழுதிவிட்டு இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் படித்தார்.

'இந்த வயலுக்கு நான் சொன்ன மருந்து தவறு. கேள்வியை முழுதாகப் படிக்காமல் எழுதினேன். ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர் உளுந்து என்னால் கருகியது. தேவிப்ரியா என்பவர் எழுதிய பதிலே சரி. அதை மறைத்தது என் வீட்டார். எனக்கு விழுந்த நன்றிகளில் எத்தனை என் வீட்டிலேயே போட்டவை என்று எனக்கே தெரியாது. யாரும் என்னை நம்பி இனி மருந்து தெளிக்க வேண்டாம். தர்மதாஸ்.'

"அப்பா, வேணாம்பா. ஊரே பாக்கும்" என்றான் கோகுல்.

"பாக்கட்டும்."

அனுப்பிவிட்டார். "காலைல பாண்டியன் வீட்டுக்குப் போறோம். மூணு பேரும்."

கொல்லைப்புறத்து வெயில் சுவரை விட்டு இறங்கி மறைந்தது. மதனவதி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் இனி நாளைக் காலையில்தான் சாப்பாடு.

அப்போது கைபேசி சிணுங்கியது. 9,992.

தர்மதாஸ் பார்த்தார். மறுபடி சிணுங்கியது. 9,993. 9,994. யாரோ முன்பின் தெரியாதவர்கள். 'இப்படி ஒப்புக்கொள்ள மனசு வேண்டும் ஐயா' என்று ஒருவர் எழுதியிருந்தார். 9,997. 9,999. 10,000. திரையில் பூக்கள் கொட்டின. அவர் பெயருக்கு முன்னால் 'ஆசான்' என்று எழுத்து வந்து உட்கார்ந்தது.

அவர் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"இதுல எது நீ?"

"நான் இல்ல மாமா. என் போன் உங்க எதுர்லயே இருக்குதே."

"அப்ப இவனா?"

"அப்பா, என்னோடதும் அங்கதான் இருக்குது" என்றான் கோகுல்.

"வேற எதாவது வெச்சிருப்பீங்க." குரலில் கோபம்கூட இல்லை. "கடையில யாருக்காவது சொல்லியிருப்ப."

"இல்லப்பா. இது நெசம்பா. இது நெசமாவே ஜனங்க போடுறது."

தர்மதாஸ் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. மகன் வாயிலிருந்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உண்மை வந்திருக்கிறது. அது யாருக்கும் உதவாமல் போயிற்று.

கைபேசி மறுபடி அடித்தது. இந்த முறை சிணுங்கல் இல்லை, அழைப்பு. திரையில் ஜினதாஸ் என்று இருந்தது.

"மாமா, சின்ன மாமா கூப்புடறாரு!" மோனிஷா பதறிக்கொண்டு கிட்டே வந்தாள். "எடுங்க மாமா. அவரேதான், நெசமா அவரேதான்!"

தர்மதாஸ் திரையையும் பார்த்தார், மேசையில் கிடந்த மற்ற இரண்டு கைபேசிகளையும் பார்த்தார், கடைசியாக மகனைப் பார்த்தார்.

"இதுவும் உங்க ஏற்பாடா?" என்று கேட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.